யானைக்கும் கழுதைக்கும் நடுவே ஒரு குடம் ஜலம்

அமெரிக்க அரசியல் எனக்கு அத்துப்படி என்று நினைத்தேன் பாருங்கள், அதற்கு இன்னும் அனுபவிக்கிறேன். (கல்யாண் ஸ்டேஷன் தாண்டினாலே எனக்கு வெளியூர்தான்.)

என் அண்ணன்மார் இருவரும் அமெரிக்காவில். பெரியண்ணா யானைச் சின்னக் கட்சி, சின்னண்ணா கழுதைச் சின்னக் கட்சி. இருவருக்கும் அங்கே ஓட்டு உண்டு. ஒரு தேர்தலில் தொடங்கிய வாக்குவாதம் முற்றி, நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லை. மாட்டுங்கா வீட்டில் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள்!

அப்பாவுக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம் வைத்தபோது இருவரும் வந்தார்கள். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து நின்னு அப்பா தலையில ஜலம் விடணும்டா. எனக்கு அது போதும்."

நான் ஒரு திட்டம் போட்டேன். கடைசி நிமிஷம்வரை இருவரும் சந்திக்கவே கூடாது. பெரியண்ணாவைக் கீழே சாப்பாட்டுக் கூடத்திலும் சின்னண்ணாவை மாடி அறையிலும் உட்கார்த்தி, நான் வந்து கூப்பிடும்வரை நகரக் கூடாது என்றேன். (பெரிய சமாதானத் தூதர் என்று நினைப்பு.)

வாத்தியார் மந்திரத்தை முடிக்கும் சமயம் கீழே ஓடினேன். பெரியண்ணா என் கையைப் பிடித்து உட்கார வைத்து, நாடே குட்டிச்சுவரானதை விளக்கினான். "அவாளோட பேசவே முடியாதுடா. நாம சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டா." நீ சொல்றதுதான் கரெக்ட் என்று தலையாட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன். சின்னண்ணாவும் பிடித்துக்கொண்டான். அதே குட்டிச்சுவர், அதே வாக்கியம், எழுத்துப் பிசகவில்லை. அங்கேயும் தலையாட்டினேன். இருவரும் ஒரே மாதிரி வருத்தப்படுகிறார்களே என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

இருவரையும் கூட்டிக்கொண்டு போனால், அப்பா துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் தாண்டக் கூடாதென்று வந்தவர்களை வைத்தே அபிஷேகத்தை முடித்துவிட்டு, வாத்தியார் செம்பூரில் அடுத்த விசேஷத்துக்குக் கிளம்பியிருந்தார்.

அம்மா கத்தவில்லை. "ரெண்டு பேரையும் பிரிச்சுப் பிரிச்சு வெச்சு, எனக்கு ரெண்டு பேருமே இல்லாம பண்ணிட்டியேடா" என்றாள்.

நாலு வருஷத்தில் முதல்முறையாகப் பெரியண்ணா சின்னண்ணாவிடம் வாயைத் திறந்தான். "இவன் உங்கிட்ட என்ன சொன்னான்?"

"நான் சொல்றதுதான் கரெக்ட்னான்."

"எங்கிட்டயும் அதேதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு குடத்தில் மிச்ச ஜலம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போனார்கள்.

"எனக்குக் குளிர்றது. அவன் தலையில விடுங்கோ" என்றார் அப்பா.

விட்டார்கள்.

அவர்கள் கட்சி மாறவில்லை, சண்டையும் ஓயவில்லை. ஆனால் போனை எடுத்துச் சண்டை போடுகிறார்கள். நடுவில் நான் யாருக்காவது தலையாட்டினால், "குடத்தை எடுக்கட்டுமா?" என்று இருவரும் சேர்ந்து கேட்கிறார்கள்.

சதாபிஷேகப் படங்களில் அம்மா சட்டம் போட்டு மாட்டியிருப்பது ஒன்றுதான். ஒரு குடம், அதைப் பிடித்த நாலு கைகள், கீழே கண்ணை மூடிக்கொண்டு நான். வருகிறவர்களிடம் அம்மா என்னைக் காட்டுவதில்லை. "பாருங்கோ, ரெண்டு பேரும் சேந்து நிக்கறா" என்கிறாள்.