கூஜா இல்லாத ரவுண்டானா

எல்லா ஊருக்கும் வரலாறு இருக்கும். ஓமானில், சோஹாரிலிருந்து கொஞ்ச தூரத்தில் நாங்கள் இருந்த சின்ன ஊருக்கு மட்டும் டேங்கர் அண்ணாச்சிதான் இருந்தார்.

வீடு வீடாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிற திருநெல்வேலிக்காரர். வெள்ளிக்கிழமை லீவு நாளில், புதிதாக வந்த தமிழர்களை அதே லாரியில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவார். காசு வாங்க மாட்டார். கேள்வி கேட்டாலும் பிடிக்காது.

என் மனைவி சென்னையிலிருந்து வந்த முதல் வாரமே பெட்டியைக் கட்டிவிட்டாள். "என்னங்க இருக்கு இந்த ஊர்ல? மணலும் பெட்ரோல் பங்க்கும்! டிக்கெட் போடுங்க, நான் அம்மா வீட்டுக்குப் போறேன்." எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்தான். கடைசி முயற்சியாக அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"ஒண்ணுமில்லன்னா சொல்லுதா? வெள்ளிக்கிழம கூட்டிட்டு வாங்க தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

முதலில் கோட்டை. பூட்டியிருந்தது. நான் பார்த்து அது என்றைக்கும் பூட்டித்தான் இருக்கும். அண்ணாச்சி அசரவில்லை. "பாத்தியளா தங்கச்சி, போர்த்துக்கீசியன் கப்பல்ல வந்தான், எறங்கினான், வெயிலப் பாத்தான், திரும்பி ஏறிட்டான். அம்புட்டுதான் சரித்திரம், கலாஸ்."

அடுத்து ஒரு மொபைல் கடை. ஊரிலேயே முதல் புரோட்டா போட்ட இடமாம். "இந்த எடத்துல கொஞ்சம் மவுனமா இருப்போம்" என்று எஞ்சினை அணைத்தார். மனைவி என்னை முறைத்தாள். கையில் போனை எடுத்து டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்தாள்.

கடைசி நம்பிக்கை கூஜா ரவுண்டானா. நடுவில் ஆளுயரத்தைவிடப் பெரிய அரபுக் காபிக் கூஜா நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதை மூன்று சுற்று சுற்றினால்தான் ஊர் ஏற்றுக்கொள்ளும் என்பது அண்ணாச்சியின் சட்டம். சுற்ற மாட்டேன் என்ற கணக்காளர் ஒருவர் சவூதியில் இருக்கிற தம்மாமுக்குத் தூக்கியடிக்கப்பட்டாராம்.

போனால், கூஜாவைக் காணோம்! அந்த வாரம்தான் ரவுண்டானாவை இடித்துச் சமமாக்கி சிக்னல் வைத்திருந்தார்கள்.

அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. மறுகணம் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "கூஜா போனா என்ன? எடம் இருக்குல்லா!" நேரே போய் யூ-டர்ன். திரும்பி வந்து வலது பக்கம். அங்கே யூ-டர்ன். ஒவ்வொரு திருப்பத்திலும் சிவப்பு விளக்கு. பின்னால் டேங்கரிலிருந்து தண்ணீர் சளப் சளப் என்று தெறிக்க, இல்லாத கூஜாவைப் பிரதட்சிணம் செய்தோம். இரண்டாம் சுற்று முடிகிறபோது போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"க்யா கர்தா ஹை, பாய்?" என்ன செய்கிறாய் என்று இந்தியில் கேட்டார்.

"ஸார், ரவுண்டபவுட் மாஃபி! யே தங்கச்சி நியூ! தீன் ரவுண்ட் கம்பல்சரி!" ரவுண்டானா இல்லை, தங்கச்சி புதுசு, மூன்று சுற்று கட்டாயம் என்பதை அண்ணாச்சி தன் அரபி-இந்திக் கலவையில் சொல்லிவிட்டார்.

போலீஸ்காரர் சிக்னலைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். தானும் அந்தக் கூஜாவைச் சுற்றித்தான் வண்டி ஓட்டப் பழகினாராம். பெருமூச்சு விட்டுவிட்டு, "ஏக் ரவுண்ட் பாக்கி? யல்லா, ஜல்தி!" என்று சீக்கிரம் முடிக்கச் சொல்லி, மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார்.

பக்கத்தில் ஏதோ சத்தம். மனைவி அழுகிறாள் என்று பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓமானுக்கு வந்து அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. "அண்ணாச்சி, அந்தக் கூஜா எப்படிங்க இருக்கும்?" என்று வேறு கேட்டுவிட்டாள். அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வரைந்து காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தயங்கித் தயங்கி டிக்கெட் பேச்சை எடுத்தேன்.

"அடுத்த வெள்ளிக்கிழமை மீன் மார்க்கெட் சரித்திரம் சொல்றேன்னிருக்காரு. கேட்டுட்டுப் போறேன்" என்றாள்.

அந்தச் சரித்திரத்தை அவர் வருடக்கணக்கில் சொன்னார். போன வருடம் வேலை முடிந்து மொத்தமாகக் கிளம்பியபோது, ஏர்போர்ட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதவள் என் மனைவிதான். நான் பாஸ்போர்ட்டைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.