ஊது சாரும் ஒரு மூடி அரிஷ்டமும்

வெங்காயம் தின்றவன், பீடி இழுத்தவன், பல் விளக்காதவன் என்று மூவரையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லக்கூடிய மூக்கு கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் ஊது சாருடைய மூக்கு. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கல்லூரி ஆபீசைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் கல்லூரியின் மாணவர் படைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். மற்ற பயிற்சியாளர்கள் ஷூ பளபளக்கிறதா, பெல்ட் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் நேராக முகத்துக்கு முன்னால் வந்து நின்று, "ஊது" என்பார். பூசாரி மகனானாலும் சரி, உபதேசியார் மகளானாலும் சரி, ஊதித்தான் ஆக வேண்டும். ஒரு விநாடி யோசிப்பார். "காலைல பூண்டுத் தொவையலு. போ" என்று தீர்ப்பு வரும். அப்பீல் கிடையாது.

எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் மட்டும் ஒருநாள் அப்பீல் செய்து பார்த்தான்.

"சார், எனக்கு இருபத்தொண்ணு முடிஞ்சிருச்சு. கவர்மென்டே குடிக்கலாங்குது. நான் குடிக்கப் போறேன்னு சொல்லல. சட்டத்தத்தான் கேக்குறேன்."

"ஒனக்கு இருபத்தொண்ணு, சரி. ஒன் யூனிபார்முக்கு எத்தன வயசுலே?"

"போன மாசந்தான் சார் குடுத்தாக."

"அப்ப அதுக்கு இன்னும் பல்லே மொளைக்கல. அதப் போட்டுருக்கைல நீயும் பச்சப்புள்ளதான். ஊது!"

ஆரோக்கியம் ஊதினான்.

பட்டாளத்துக்காரருக்குக் கேன்டீனில் மாதாமாதம் பாட்டில் கிடைக்கும் என்பது எங்கள் பக்கம் அங்கன்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் கூடலூர் முதல் தேனி வரை எந்தக் கல்யாணம் என்றாலும் ஊது சாருக்குத்தான் முதல் பத்திரிகை. அவரோ பாட்டிலை வாங்கியதே இல்லை. கல்யாணத்துக்குப் பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்குவாளியோடு போய் நிற்பார். விஷயம் பரவிய பிறகு அவரைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். மச்சினன் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு ஆரோக்கியம் வீட்டுக்கு எங்களை அழைத்திருந்தான். அவன் அம்மா பாசத்தோடு கேக்கை நீட்டினார். ஊது சார் தட்டை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"ஏம்மா, இதுல என்ன ஊத்துனீக?"

"ஒண்ணுமில்ல சார். நம்ம தோட்டத்துத் திராட்சைய ரம்முல ஊறப் போட்டேன். வாசத்துக்கு."

அவ்வளவுதான். யூனிபார்மில் வந்திருந்த எங்கள் அத்தனை பேரையும் எழுப்பி வெளியே நிறுத்தி, ஆளுக்கு ரெண்டு முறுக்கு மட்டும் கொடுத்தார். ஆரோக்கியத்தின் அம்மா, "இந்த மனுசன் குழந்த ஏசுவையே ஊதச் சொல்லுவாரு போலருக்கே" என்று புலம்பியது தெருவுக்கே கேட்டது.

இப்படிப்பட்டவரோடுதான் நான் கம்பத்தில் நடந்த அந்த மாவட்டக் கேம்புக்குப் போனேன். எங்கள் அணிக்கு நான்தான் தலைவி. அப்பாவுக்குச் சின்னமனூர் பக்கம் திராட்சைத் தோட்டம். பெண் பிள்ளை வெளியே போய்த் தங்குவதா என்று வீட்டில் பெரிய சண்டை நடந்து, கடைசியில் ஊது சாரே நேரில் வந்து பேசிய பிறகுதான் என்னை அனுப்பினார்கள். எனக்குப் போலீஸ் வேலைமீது கண். கேம்பை முடித்து வாங்கும் சான்றிதழ் அதற்கு மிகவும் உதவும்.

கேம்ப் அதிகாரி ஒரு மலையாளி கர்னல். முதல் நாளே மைக்கில் சொல்லிவிட்டார். பதினெட்டு வயதோ இருபத்தொன்றோ, கேடட் என்றால் ஒரு சொட்டும் கூடாது. ஊதி மாட்டினால் சான்றிதழ் ரத்து, அணியே போட்டியிலிருந்து வெளியே. மூக்கை நம்பாத மனிதர். கையில் மெஷின் வைத்திருந்தார். ஊது சார் அந்த மெஷினைச் சக்களத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இறுதிப் போட்டி அன்று காலை எங்கள் அணியில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. முந்தின இரவு சாப்பிட்ட பூரி உள்ளே தனியாக அணிவகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. ஊது சார் தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கறுப்புப் பாட்டிலை எடுத்தார்.

"குமுளி வைத்தியர் குடுத்த அரிஷ்டம். வாயுவுக்கு இதவிட மருந்தே இல்ல. நான் தெனம் சாயங்காலம் ஒரு மூடி குடிக்கிறேன். இந்தா ஆத்தா, நீ மொதல்ல குடி."

முதல் மூடி எனக்கு. பிறகு வயிறு வலித்த அத்தனை பேருக்கும். கசக்கவில்லை என்று காட்டத் தானும் ஒரு மூடி ஊற்றிக்கொண்டார். எல்லோருக்கும் வயிற்றில் இதமாக ஒரு சூடு பரவியது. என்ன அருமையான மருந்து என்று பேசிக்கொண்டே மைதானத்துக்குள் ஓடினோம்.

வாசலிலேயே கர்னல் மெஷினோடு நின்றார். தலைவி என்பதால் நான் முதலில் ஊதினேன். அது வீல் என்று கத்தியது.

மற்ற கல்லூரிக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொம்பளப் புள்ள ஊதி மாட்டிக்கிச்சு என்கிற செய்தி, கம்பத்தில் புறப்படும் பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சான்றிதழ் போகும், போலீஸ் வேலை போகும், அதன் பிறகு அப்பா என்னை வாசல்படி தாண்ட விடமாட்டார்.

ஊது சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வழக்கம்போல் என்னை ஊதச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கர்னல் பக்கம் திரும்பினார்.

"சார், இந்தப் புள்ள குடிக்காது. ஒங்க மிஷினு பொய் சொல்லுது."

"மெஷின் எங்ஙனெ பொய் சொல்லும் ஹவில்தாரே?"

"காட்டுறேன் பாருங்க. பொறந்ததுலருந்து ஒரு சொட்டு தொடாத வாயி சார் இது. லடாக் குளிர்லயே ரம்மு வேணாம்னு வெந்நி குடிச்சவன்!"

மெஷினைப் பிடுங்கி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஊதினார். எனக்குக் கத்தியதைவிட அவருக்கு ஓங்கிக் கத்தியது.

கர்னலுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "காலைல ரெண்டு பேரும் என்ன கழிச்சது?" என்று, சாப்பிட்டதைத் தன் மலையாளத்தில் கேட்டார். ஊது சாரே ஓடிப்போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தார். கர்னல் மோந்து பார்த்தார். மீசை துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது அரிஷ்டமாக்கும்! இதில ஆல்கஹால் உண்டு, தானே ஊறி வரும். எங்க அம்மாவன், தாய்மாமன், இத ரெண்டு மூடி குடிச்சிட்டுத்தான் பாட்டு பாடும்!"

மூலிகை வாசம் ஊது சாருடைய மூக்கையே இத்தனை காலம் ஏமாற்றியிருந்தது. மைதானமே சிரித்தது. கர்னல் எங்களை வாய் கொப்பளிக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார். எல்லோருக்கும் பூஜ்ஜியம். ஊது சாருக்கும் பூஜ்ஜியம்தான். ஆனால் அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சார், அதான் ஜீரோ வந்துருச்சுல்ல?" என்றான் ஆரோக்கியம்.

"இன்னிக்கு ஜீரோ. இம்புட்டு வருசமா தெனம் சாயங்காலம் குடிச்சேனே, அதுக்கு யாருலே ஊதுறது? மாட்டுனவன் கிரவுண்டுல நிக்கக் கூடாது. நான் வச்ச ரூலு."

விறுவிறுவென்று வேலிக்கு வெளியே போய், பக்கத்துத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டார். கர்னல் ஆள் அனுப்பியும் வரவில்லை.

அன்றைக்கு நாங்கள் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. வயிற்று வலியெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தரை அதிர்ந்தது. நடுநடுவே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏலே ஆரோக்கியம், கைய ஒசத்துலே!" என்று ஒரு கத்தல் வேறு. நடுவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆரோக்கியம் கையை உயர்த்தினான். கோப்பை எங்களுக்கே கிடைத்தது.

கோப்பையோடு மேடையைச் சுற்றி வர வேண்டும் என்பது முறை. நான் அணியை வாசல் பக்கம் திருப்பினேன். நேரே வெளியே போய், திராட்சைப் பந்தலுக்கு முன்னால், கர்னலுக்குப் போட்டதைவிடச் சத்தமாக "தாஹினே தேக்!" என்று வலப்பக்கம் பார்க்கக் கட்டளை போட்டேன். அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியது. தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கக் கூடாது என்பதால் அவர் விறைப்பாக நின்றார். கண்ணீர் மட்டும் விறைப்பாக நிற்காமல் வழிந்தது.

"மாட்டிக்கிட்டவனுக்கு எதுக்கு ஆத்தா இம்புட்டு மருவாத?" என்றார்.

நான் அணியை மறுபடி மைதானத்துக்குத் திருப்பினேன். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன் சார். அன்றைக்கு மைதானத்தில் எல்லோரும் மெஷினைப் பார்த்தார்கள். நீங்கள் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்தீர்கள்.