கக்கத்தில் உயிர் வளர்த்தவர்

திருநெல்வேலி ஜில்லாவிலேயே கக்கத்தில் உயிர் வளர்த்த ஒரே மனிதர் எங்கள் கக்கத்து அண்ணாச்சிதான். இதை எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்து சொல்வேன். எதற்காக வளர்த்தார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் இருவரும் ஒரே அறை. நான் வங்கிக் குமாஸ்தா, அவர் ஆராய்ச்சிக்காரர். மருந்தாகக்கூடிய புரதத்தை உயிருள்ள செல்லுக்குள் அனுப்பிவைப்பது அவர் வேலை. அதைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள்.

"செல்லுன்னா ஒரு வீடுன்னு வையும் வே. புரதம் தனியாப் போய்த் தட்டினா கதவத் தொறக்க மாட்டாவ. பாலிமர்னு ஒரு ஆளு அது கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவான். போனதும் கைய விட்டுரணும். பிடிச்சுக்கிட்டே நின்னாம்னா அம்புட்டும் வீண்."

"பாலிமர்னா பிளாஸ்டிக்தான அண்ணாச்சி?"

"ஒரு வகையில."

"பிளாஸ்டிக்குக்கு ஏது அண்ணாச்சி கை?"

தலையில் அடித்துக்கொண்டு மறுபடி வீட்டிலிருந்து ஆரம்பிப்பார்.

அந்தச் செல்கள் ஒரு தட்டையான பாட்டிலில், ரோஸ் நிறத் தண்ணீரில் குடியிருந்தன. அவற்றுக்கு எந்நேரமும் மனித உடம்புச் சூடு வேண்டுமாம். ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போனால், பாட்டிலைத் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் விட்டு, இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். நம் ஊர்க் கரண்டின் லட்சணம் உங்களுக்கே தெரியும். ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டினார். ஒற்றைக் கையால் வேட்டியே கட்டினார்.

முப்பது தாண்டியும் அவருக்குப் பெண் அமையவில்லை. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண் வீட்டாருக்கு விளங்கினால்தானே! மனுஷன் ரொம்பவே உடைந்து போயிருந்தார். தாய் தகப்பன் இல்லாதவர். ஆகவே ஸ்ரீவைகுண்டத்துக்குப் பெண் பார்க்க நான்தான் கூட்டிப் போனேன். வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அன்று காலை பார்த்துக் கரண்ட் போய்த் தொலைந்தது.

பெண்ணின் அப்பா வாழைத்தார் வியாபாரி. வாசலுக்கே வந்து கைகூப்பினார். அண்ணாச்சி இடது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வலது கையால் போலீஸ்காரர் மாதிரி ஒரு சல்யூட் வைத்தார்.

"மாப்பிள்ளைக்கு ஒரு கை வெளங்காதோ?" என்று பெரியவர் என் காதைக் கடித்தார்.

"வெளங்கும் ஐயா. அங்கன ஒரு பாட்டில் இருக்கு."

"பாட்டிலா? பொண்ணு பாக்க வரும்போதே பாட்டிலோடயா வாறது?"

அண்ணாச்சி பதறிப்போய் வெளியே எடுத்துக் காட்டினார். ரோஸ் நிறத்தைப் பார்த்ததும் பெரியவருக்குக் குழப்பம் கூடிவிட்டது.

"இது என்ன சரக்கு வே?"

"சரக்கு இல்ல, உசுரு. சூடு ஆறினா செத்துரும்."

"கிளம்புங்கய்யா ரெண்டு பேரும்!"

நாங்கள் எழுந்தோம். அப்போது காபித் தட்டோடு நின்ற பெண் சொன்னாள்: "அப்பா, அவியள பெறவு ஏசுங்க. மொதல்ல அத உள்ள வைக்கச் சொல்லுங்க. ஆறிரப் போவுது."

அண்ணாச்சி அவசரமாகப் பாட்டிலைக் கக்கத்துக்கு அனுப்பினார்.

"அத வச்சு என்ன செய்யுதிய?" என்று அவரையே கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். சத்தியத்தை அங்கேயே ரத்து செய்தேன். "செல்லுன்னா ஒரு வீடுன்னு வைங்க..." என்று ஆரம்பித்தார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"உள்ள போனதும் பாலிமர் எப்படிக் கைய விடும்?"

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "அதாம்மா எனக்கும் இன்னும் வெளங்கல" என்றார். இருவரும் சேர்ந்து குழம்ப ஆரம்பித்தார்கள்.

"உமக்கு ஏதாச்சும் புரியுதா வே?" என்றார் பெரியவர்.

"இல்ல ஐயா."

"எனக்கும்தான். பைய வாரும், வெளிய இருப்போம்."

தையில் கல்யாணம். அண்ணாச்சி பெட்டியைக் கட்டிக்கொண்டு அறையைக் காலி செய்தார். பஸ் ஏற்றிவிட்டு, பிடித்த கையை விட வேண்டிய நேரம் வந்தது. பாலிமர் எப்படி விடுகிறதோ, எனக்குத் தெரியாது. எனக்கு மனசே வரவில்லை.