மூக்கர் அங்கிளும் நனைந்த நாயும்

ஒக்லாந்தில் உள்ள சின்னச் சின்ன பியர் ஆலைகள் அத்தனையையும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் கண்டுபிடித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூடப் பையை மோந்து பார்த்தே மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுகிற நம்முடைய மூக்கர் அங்கிள்தான் அவர்.

கல்யாணத்தன்று, தேவாலயத்தில், இனிக் குடிப்பதில்லை என்று சுவாமியாருக்கு வாக்குக் கொடுத்தவர். "சுவாமி வாயைத்தானே தம்பி பூட்டினவர். மூக்கைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை" என்பார். ஆகவே மூக்கு அவருடையது, நாக்கு என்னுடையது. சனிக்கிழமைகளில் ரானுயியில் என் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு, கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவார். திடீரென்று "பார்லி அவியுது" என்று இடப்பக்கம் திருப்புவார். டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், நாலு பீப்பாயோடு ஓர் ஆலை இருக்கும். ஒரு தடவை மட்டும் நாய் பிஸ்கட் செய்யும் இடத்தில் போய் நின்றோம். "எண்டாலும் நல்ல பார்லி" என்று ஒரு பை வாங்கிக்கொண்டார். அவரிடம் நாய் இல்லை.

அவருக்குப் பிடித்தது, காஸ் ஏற்றாமல் பீப்பாய்க்குள்ளேயே புளிக்கவிட்டு, கைப்பம்பால் இறைத்துத் தருகிற பியர். அது அவ்வளவு குளிராது. "வெதுவெதுப்பாக் கிடக்கண்ணை" என்று முதல்நாள் முறைப்பட்டேன்.

"குளிர்ந்தால் மணம் செத்துப்போம். குடி. இப்ப உனக்குத் தேன் ருசிக்கும்."

ருசித்தது.

போன குளிர்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவருடைய மோப்பத்தையும் கொண்டு போய்விட்டது. அவர் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய காரில் நான் கருவாட்டுக் குழம்பைக் கொட்டிவிட்டேன். மூக்கர் மூக்கைக்கூடச் சுளிக்காமல் ஓட்டினார்.

அன்று போனது மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு தாடிக்காரரின் பப்புக்கு. அங்கே புதுப் பீப்பாய் திறந்தால், மூக்கர் சொல்லுகிற மணங்களைத்தான் கரும்பலகையில் எழுதுவார்கள். தாடிக்காரர் சோக்கும் கையுமாக நின்றார். மூக்கர் கிளாசுக்குள் மூக்கை விட்டார். முகம் வெளுத்துப் போயிற்று. என்னைப் பார்த்தார்.

நான் ஒரு வாய் குடித்தேன். "தோடம்பழத் தோல்" என்றேன், மேசையைப் பார்த்துக்கொண்டு, தமிழில்.

"ஆரேஞ்ச் பீல்" என்று அறிவித்தார் மூக்கர். தாடிக்காரர் எழுதினார்.

"பிறகு?" என்றார் என்னிடம் மெதுவாக.

"கருகின பாண்."

"டோஸ்டட் மால்ட். வெரி எலிகன்ட்."

"கடைசியா நனைஞ்ச நாய், அண்ணை."

மூக்கர் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். "ஃபாரஸ்ட் ஆஃப்டர் ரெயின்" என்றார். பப்பே கை தட்டியது.

திரும்பும்போது கேட்டார்: "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கருவாடு."

"எங்கை?"

"உங்கட சீற்றுக்குக் கீழை."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இனி நான் வந்து என்ன செய்ய, தம்பி? வெறும் டிரைவர்தானே."

"வாற சனி எத்தினை மணிக்கண்ணை?" என்றேன்.

மோப்பம் இன்னும் வரவில்லை. நாங்கள் போவதும் நிற்கவில்லை. வரும் வழியில் "இண்டைக்கு எனக்கு என்ன மணந்தது?" என்று கேட்பார். ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். சொல்லி முடிப்பதற்குள் வீடு வந்துவிட்டால், ரானுயியை இன்னொரு சுற்றுச் சுற்றுவார்.

பிள்ளைகளே, அடுத்த முறை அவர் உங்கள் பையை மோந்து "கேக்" என்று சொன்னால், உள்ளே முட்டை சாண்ட்விச்தான் இருந்தாலும், ஓம் என்று சொல்லுங்கள்.