மூக்குக்கு முட்டை மார்க்

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகாவது பின்னால் இருக்கிறது, மன்னித்துவிடலாம். முகத்துக்கு நட்ட நடுவில் இருக்கும் மூக்கே ஒருத்திக்குத் தெரியாமல் போனால் அவளை என்னவென்று சொல்வது? டாக்டரம்மா என்று சொல்கிறார்கள். அது நான்தான்.

பிறந்தது பேரணாம்பட்டு. அப்பா அங்கே பச்சைத் தோலைப் பதனிடும் தோல் ஷாப்பில் மேஸ்திரி. ஷாப்பின் மதில்தான் எங்கள் வீட்டுக்குப் பின்சுவர். டாக்டர் படிப்பை முடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பட்டணத்தில் அதற்கு மேல் சுகாதாரப் படிப்பு என்று ஒன்று இருக்கிறது, அதையும் படித்தால் ஹெல்த் ஆபீசர் ஆகலாம் என்று அப்பா முன்னால் போய் நின்றேன். (அந்தக் காலத்தில் பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பாள். சாக்கடை பார்க்கிறேன் என்று கிளம்பியவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.)

அப்பா தலையைச் சொறிந்தார். "ஒரே வருசம், எஸ்தரு. பாஸாய்ட்டா உன் இஷ்டம். பெயிலாய்ட்டா வாயத் தொறக்கக் கூடாது. ஜோலார்பேட்டை மாப்ளைக்குக் கழுத்த நீட்டிடணும்."

ஜோலார்பேட்டை மாப்பிள்ளை ஜங்ஷனில் டிக்கெட் கலெக்டர். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வீட்டோடு இருந்தால் போதும் என்று அவர் அம்மா சொல்லியனுப்பியது என் காதுக்கு வந்திருந்தது. ஆகவே விழுந்து விழுந்து படித்தேன்.

எங்கள் புரொபசருக்கு ஒரே மந்திரம்: "கண்ணை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள். காற்றுக்கு முகம் கொடுத்து நில்லுங்கள். நாற்றம் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நடங்கள். எங்கே தாங்க முடியவில்லையோ, அங்கே இருக்கிறது மூலம்." இதை நான் நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

வருஷக் கடைசியில் நேரடிப் பரீட்சை. ஒரு தோல் ஷாப்புக்குப் போய், ஊர் ஜனங்களுக்குத் தொந்தரவான நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஷாப்பு எங்கே? பேரணாம்பட்டில். அதுவும் அப்பாவின் ஷாப்பு! கரும்பு தின்னக் கூலியா என்று எனக்கு வாயெல்லாம் பல். மற்ற மாணவர்கள் முகம் செத்துக் கிடந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஆம்பூரில் ரயிலிறங்கி பஸ் ஏறினோம். ஊர் நெருங்கியதும் ராகவன் என்ற பட்டணத்துப் பையன் ஜன்னல் மறைப்பை அவசரமாக இழுத்து விட்டான். "நல்ல காற்று வருதே, ஏன் மூடுறீங்க?" என்று நான் திறந்து வைத்தேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். (அழகாக இருக்கிறேன் போலிருக்கிறது என்று புடவையைச் சரிசெய்துகொண்டேன்.)

ஷாப்பு வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்கள். புரொபசருடையது பெரிய பட்டுக் கைக்குட்டை. அப்பா ஓடி வந்தார். கும்பலைப் பார்த்துவிட்டு என்னிடம் குசுகுசுவென்று கேட்டார்:

"இன்னா எஸ்தரு, எல்லாருக்குமா ஜலதோஷம்?"

"தெரியலையேப்பா. பஸ்ல காத்து ஜாஸ்தி."

அப்பா உடனே எல்லோருக்கும் சுக்குக் கஷாயம் வைக்க ஆளனுப்பினார்.

பரீட்சை ஆரம்பித்தது. ராகவனுக்கு மூலத்தைத் தேடும் வேலையே இல்லை. சுண்ணாம்புக் குழிப் பக்கம் போனான், வாந்தியெடுத்தான், அங்கேயே பாஸானான். மற்றவர்கள் கழிவுக் கால்வாயையும் பச்சைத் தோல் குவியலையும் காட்டிவிட்டு வெளியே ஓடினார்கள். நான் நிதானமாகச் சுற்றினேன். பச்சைத் தோல்? உப்பு வாசனை. சுண்ணாம்புக் குழி? கிறிஸ்மஸுக்கு வெள்ளையடித்த வீடு. ஆவாரம்பட்டைத் தொட்டி? அப்பாவின் சட்டை. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது! இத்தனை பேர் மூக்கைப் பொத்துகிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது, எனக்கு மட்டும் அகப்படமாட்டேன் என்கிறது. வியர்த்துக் கொட்டியது. கண்ணை மூடினால் ஜோலார்பேட்டை ஜங்ஷன் தெரிந்தது.

கர்த்தரை வேண்டிக்கொண்டு காற்றுக்கு முகம் கொடுத்து நின்றேன். வந்தது! தித்திப்பும் காரமுமாகத் தலையைக் கிறுகிறுக்க வைக்கும் ஒரு நெடி. இந்த ஊரில் அப்படியொன்றை நான் முகர்ந்ததே இல்லை. விடாமல் பிடித்துக்கொண்டேன். நாலடி நடப்பேன், நிற்பேன், மோப்பம் பிடிப்பேன். கால்வாயைத் தாண்டி, தொட்டிகளைத் தாண்டி, ஆபீஸ் அறைத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன். குமட்டிக்கொண்டு வந்தது. இதற்கு மேல் தாங்க முடியாது என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.

எதிரில் நாற்காலியில் புரொபசர்.

"என்ன மிஸ் எஸ்தர், மூலம் கிடைத்ததா?"

"கிடைத்தது, சார்."

"எங்கே?"

அந்த இடத்திலாவது கடவுள் என் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் பெயிலாகிவிடுவோமோ என்ற பயம் உந்தித் தள்ளியது.

"உங்கள் கைக்குட்டையில், சார்."

சீமை லாவண்டர் சென்ட். பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷர். அத்தோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேனோ என்னவோ, கஷாயத் தட்டோடு பக்கத்தில் நின்ற அப்பா சாட்சிக்கு வந்துவிட்டார்.

"ஆமாங்கய்யா. நானும் அப்ப புடிச்சிப் பாக்குறேன், இன்னாடா இது இவ்ளோ பேஜாரா கீதேன்னு. நீங்க தப்பா நெனைக்காதீங்க. ஜலதோஷத்துல உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

புரொபசர் எழுந்தார். "மூக்கில்லாத ஹெல்த் ஆபீசர் காதில்லாத பாட்டு வாத்தியார் மாதிரி. அடுத்த வருஷம் வாருங்கள், அம்மா." மூக்குக்கு முட்டை மார்க். நான் பெயில்.

கட்டுச்சோறு போல அழுகையைக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அப்பா வாக்கு மாறாதவர். அடுத்த ஞாயிறே ஜோலார்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கினார். நல்ல உயரம். இறங்கியதும் கை ஜேபிக்குப் போயிற்று, கைக்குட்டை மூக்குக்கு வந்தது.

"ஜலதோஷமா மாப்ள?" என்று அப்பா ஆசையாகக் கேட்டார்.

"இல்ல மாமா. இந்த நாத்தத்துல எப்படித்தான் குடியிருக்கீங்களோ!"

அப்பா முகம் கறுத்துவிட்டது. வந்தவர்களுக்கு மரியாதையாகச் சாப்பாடு போட்டு அனுப்பினார். வண்டி தெருமுனை திரும்பியதும் என்னிடம் வந்தார். "ரயில் கரிப்புகைல பொறந்து வளந்தவன், நம்ம வூட்டப் பாத்து மூக்கப் பொத்துறான். நீ பட்டணத்துக்குக் கெளம்பு. இன்னொரு வருசம் படி."

அந்தக் கைக்குட்டைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். மறுவருஷம் பாஸானேன். (ஒரு பையன் வாந்தியெடுத்த இடத்தைக் காட்டினேன், முழு மார்க்.) உத்தியோகத்தில் இருந்தவரை பட்டணத்துப் பியூன் ஒருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போவேன். அவர் மூக்கைப் பொத்தினால் நான் நோட்டீஸ் கொடுப்பேன்.

பிற்பாடு மாதனூரிலிருந்து ஒரு வாத்தியார் பெண் பார்க்க வந்தார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஜேபியையே பார்த்துக்கொண்டிருந்தார். கை அசையவில்லை. "எங்க வூடு எப்படிக் கீது?" என்று கேட்டார். "நல்லா காத்தோட்டமா கீது மாமா" என்றார் வாத்தியார். அப்பா அந்த இடத்திலேயே நாள் குறித்துவிட்டார்.

மாதனூர் சர்ச்சில் தாலி கட்டி, மறுவீட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை. என் கணவர் பாயில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"எஸ்தரு, இங்க இன்னாவோ செத்துப்போச்சி போல கீதே?"

"நீங்கதானே அன்னிக்கி நல்ல காத்துன்னு சொன்னீங்க!"

"அன்னிக்கி எனக்கு ஜலதோஷம்மா. இன்னிக்கித்தான் உட்டுச்சி."

நான் பதறிப்போய் எழுந்து, காற்றுக்கு முகம் கொடுத்து, வீடு முழுக்கத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் கல்யாணமாகி மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளையிடம் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "ஜலதோஷம் உட்டுச்சா மாப்ள?" என்றுதான் கேட்கிறார்கள்.