பேருக்குக் கீழே ஒரு வரி

செங்கல்பட்டில் அஞ்சலி பாய் எதிரே வந்தால் எவனும் இருமமாட்டான். தொண்டையில் கொசுவே புகுந்தாலும் விழுங்கிவிட்டு, "நல்லாக் கீறேன் பாய், ரொம்ப நல்லாக் கீறேன்" என்று கேட்காமலே சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான். அவர் கடையைத் தாண்டும்வரை தெருவில் யாருக்கும் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, மூட்டுவலியும் கிடையாது.

பாய் வைத்திருந்தது பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அடிப்பார். பெயர் வாங்கிக் கொடுத்தது என்னவோ கண்ணீர் அஞ்சலிதான். கடை மாடியில் நான் குடியிருந்தேன். சிமெண்ட் கடையில் பில் எழுதும் உத்தியோகம். சாயங்காலம் கீழே இறங்கி பாயின் எழுத்துப் பிழைகளைத் திருத்துவேன், அவர் டீ சொல்லுவார்.

சாவு வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் போட்டோ ரேஷன் கார்டிலிருந்து வெட்டியதாக இருக்கும். பிக்பாக்கெட்டில் பிடிபட்டவன் மாதிரி ஒரு முகம். பாய் என்னிடம் கொதித்துப்போவார்.

"இன்னா மச்சான் இது? அறுவது வருசம் வாழ்ந்த மனுசன். இந்த மூஞ்சியோடவா செவுத்துல நிப்பான்?"

பேருக்குக் கீழே போட ஒரு வரி கேட்டால் அதுவும் வராது. பெற்ற மகன் தலையைச் சொறிவான். "வேலைக்குப் போனாரு, வந்தாரு... வேற இன்னா பாய் சொல்றது?"

இதெல்லாம் பொறுக்காமல் பாய் ஒரு காரியம் செய்தார். தெருவில் உள்ள எல்லாருக்கும், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, போஸ்டர் தயார்செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். கல்யாண வீட்டில் சிரிக்கும்போது போனில் எடுத்த படம். தோற்றம் என்ற இடத்தில் பிறந்த தேதி. மறைவு என்ற இடம் மட்டும் காலி. பேருக்குக் கீழே வரி எழுதுவது என் பொறுப்பு.

"இவன் போய்ட்டா ஊருக்கு இன்னா கொறையும்? அத்த எழுது" என்பார்.

ஒருநாள் பரோட்டா மாஸ்டர், கொத்து பரோட்டாவுக்கு பேனர் அடிக்க வந்தவர், திரையில் தன் சிரித்த முகத்தையும் கீழே 'மறைவு' என்பதையும் பார்த்துவிட்டு அங்கேயே மல்லாந்து விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். "தேதி போட்டாச்சா பாய்?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்த பிறகு மெதுவாக எழுந்து கீழே இருந்த வரியைப் படித்தார்: 'இரண்டாம் முறை சால்னா கேட்டவரிடம் முகம் சுளிக்காதவர்.' லுங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையில் அதுவரை நன்றாகச் சுளித்துக்கொண்டிருந்தவர்தான். நான்தான் கொஞ்சம் தாராளமாக எழுதிவிட்டேன். மறுநாள் முதல் சால்னா வாளியில் வந்தது.

விஷயம் பரவி, ஒவ்வொருவராகத் திருட்டுத்தனமாக வந்து தங்கள் வரியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். திருக்கழுக்குன்றம் ஷேர் ஆட்டோக்காரருக்கு 'ஓடிவருபவருக்காக நின்றவர்' என்று எழுதியிருந்தேன். அதற்கப்புறம் அந்த ஆட்டோ ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதே பெரும்பாடாகிவிட்டது.

இத்தனைக்கும் அந்தத் தெருவிலேயே சாவுக்கு அதிகம் பயந்தவர் பாய்தான். லாரிகள் பறக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க கால் மணி நேரம் நிற்பார். "ஆண்டவன் கூப்ட்டா போலாம். லாரி கூப்ட்டா நான் இன்னாத்துக்குப் போவணும்?" என்பார். மாமல்லபுரத்துக்கு என்னை டிவிஎஸ்ஸில் அழைத்துப் போனபோது, கடற்கரையில் வறுத்த மீன் தின்னும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அலை நுரை தூரத்தில் தெரிந்தாலே பின்னால் நகர்ந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனது. தாடைக்குக் கீழே ஒரு கட்டி. டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்து, "ஐந்து நாளில் ரிசல்ட்" என்றார். ஐந்து நாளும் பில்லில் நம்பரைத் தப்புத் தப்பாக எழுதினேன். விரல் தானாகப் போய்க் கட்டியைத் தொட்டுப் பார்த்தது. அதைவிடப் பயமுறுத்தியது பாய். என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். டீ மட்டும் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தக் கம்ப்யூட்டரில் நானும் இருப்பேனே!

வெள்ளிக்கிழமை பாய் ஜும்மா தொழுகைக்குப் போன நேரம், கடையில் நுழைந்து என் பெயரைத் தேடித் திறந்தேன். கையில் மீன் துண்டோடு வாயெல்லாம் பல்லாக நான். மாமல்லபுரம். பிறந்த தேதி சரியாக இருந்தது. மறைவு காலி. பேருக்குக் கீழேயும் காலி. பதினோரு வருஷம் சிமெண்ட் மூட்டைக்கு பில் போட்டவன் போனால் ஊருக்கு என்ன குறையும்? கட்டியை மறந்து அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் செருப்புச் சத்தம். பாய் தொப்பியோடு நின்றார்.

"பாய், எனக்கு எழுத ஒண்ணுமே இல்லையா?"

"நாலு நாளா ஒக்காந்துகினு கீறேன் மச்சான். கை வர்ல."

"அவ்ளோ காலியாவா வாழ்ந்துட்டேன்?"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பேசற நீ? இந்தத் தெருவுல அத்தினி பேருக்கும் வரி எழுதுனவன் யாரு? நீ எழுதுனதால அந்த மாஸ்டரு மனுசனானான். உனுக்கு எழுதணும்னாலும் நீதான் எழுதணும். அதுக்கு நீ உசுரோட இருக்கணும். அப்போ நீ எப்பிடிடா சாவ முடியும்?"

சொல்லிவிட்டு, பெரிய கணக்கைப் போட்டு முடித்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். கண் சிவந்திருந்தது. எனக்கும்தான்.

கட்டி வெறும் நீர்க்கட்டி என்று வந்தது. நான் பில் வேலையையும் ஊரையும் விட்டுவிட்டு எழுத வந்ததற்கு அந்த வெள்ளிக்கிழமைதான் காரணம்.

போன வாரம் பாய் போன் செய்தார். குரலில் பழைய ஜி.எஸ்.டி. ரோட்டு நடுக்கம்.

"மச்சான், திங்கக்கெயம நெஞ்சத் தொறக்கறாங்களாம். பயமாக் கீது. எங்க வூட்ல போட்டோ போஸ்டர்லாம் ஒட்ட மாட்டாங்க. நீ ஒரு வரி மட்டும் எழுதி வெச்சிடு."

சரி என்றுதான் சொன்னேன். எத்தனையோ பேருக்கு ஒரு டீ ஆறுவதற்குள் எழுதியவன், ஒரு வாரமாக வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் பற்றி இவ்வளவு எழுதியும் அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை, பாய். கை வரவில்லை. நாளை திங்கள். செவ்வாய்க்கிழமை கண் விழித்து நீங்களே என்னைத் திட்டுங்கள்.