மார்கழியிலும் கொதித்த பெட்டி

ஆட்டம் முடிய ஆறே நிமிடம். கிருபாகரன் இரண்டு கோல் முன்னால் இருந்தான். அந்த நேரம் பார்த்துத்தானா அந்த வீடியோ கேம் பெட்டி உஸ்ஸென்று இரைந்து, பொசுக்கென்று அணைய வேண்டும்?

அடுத்த நொடியே செல்போன் அடித்தது. ஆவடியில் உட்கார்ந்து நெட்டில் எதிரணியாக ஆடிய மச்சினன் ராகேஷ்.

"இன்னா மாமா, பயந்துகினு பிளக்கப் புடுங்கிட்டியா?"

"டேய், நான்தான்டா ஜெயிச்சிக்கினு இருந்தேன்! பொட்டி சூடாயி நின்னுபோச்சி!"

"பாதில நின்னா தோத்த கணக்கு. நீ போட்ட ரூலுதான். இப்ப ஆளுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் கடைசி மேட்ச். மாலைக்குச் சொல்லிவை!"

அந்த மாலைதான் விஷயமே. தோற்றவன் காணும் பொங்கலன்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையில் ஜெயித்தவன் கழுத்தில் மாலை போட்டு, "தலைவா, நீதான் கில்லாடி" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். நாலு வருடமாகக் கிருபாகரன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். போன வருடம் மாமியாரே விசிலடித்தார். மனுஷனுக்கு மானம் ரோஷம் இருக்காதா?

அதுவும் அவன் யார்? ஐயப்பன்தாங்கல் டெப்போவில் பதினைந்து வருட மெக்கானிக். கொதிக்கிற இன்ஜினைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற ஆள்.

"பஸ்ஸையே குளிர வெச்சவன் நானு. இந்தப் பொட்டி எம்மாத்திரம்?" என்று லுங்கியை மடித்துக் கட்டினான்.

மறுநாள் காலை பெட்டியைப் பிரித்துத் தூசு தட்டினான். இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தான். கம்மென்று ஓடியது. சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டால் நாற்பதாவது நிமிடம் அவுட்.

'காத்து பத்தல' என்று டி.வி. ஸ்டாண்டின் பின்பலகையைக் கழற்றி எறிந்தான். அன்றைக்கு முப்பது நிமிடம்தான் தாங்கியது. ஸ்டாண்டையே சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டான். இருபதே நிமிடம். பகலில் பார்த்தால் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, பொழுது சாய்ந்தால் பேய் பிடித்த மாதிரி இரைகிறது. இந்தக் கூத்தை டெப்போவில் எவனிடம் போய்ச் சொல்வது?

"பேசாம பெட்ரூமுக்கு மாத்திடலாமா?" என்று மனைவி தேவிப்பிரியாவைக் கேட்டான்.

"ஐயய்யோ, வேணாங்க! ஹால்லயே இருக்கட்டும். நீங்க உக்காந்து வெளாடுங்க."

கிருபாகரன் உருகிப்போனான். கார்த்திகை வரைக்கும் "அந்தச் சனியன தூக்கி வெளியில போடறேன்" என்று கத்தியவள், மார்கழி பிறந்ததிலிருந்து ஆறரைக்கே அவளாக சுவிட்சைப் போட்டு, "இன்னிக்கு வெளாடலையா?" என்று கேட்கிறாள். போதாததற்குக் காலையில் பூ மாதிரி இட்லி. கீழ்வீட்டு நிஷாகூட வந்து பக்குவம் கேட்டுவிட்டுப் போனாள். இப்படி ஒரு பொண்டாட்டிக்காகவாவது ஜெயித்தே தீருவது என்று கிருபாகரன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, பெட்டியைத் துண்டில் சுற்றி, குமணன்சாவடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தமிழ்வாணனிடம் கொண்டுபோனான்.

தமிழ்வாணன் திறந்து பார்த்து மூக்கைச் சுளித்தான். "அண்ணாத்தே, பின்னாடி இன்னாவோ வெள்ளையா காஞ்சி ஒட்டிக்கினு கீது பாரு."

"சூட்டுக்குத் தடவுற பேஸ்ட்டுப்பா அது."

"பேஸ்ட்டு புளிச்ச வாசன வருமா?"

"பழசானா வரும்" என்றான் கிருபாகரன், பதினைந்து வருட அனுபவத்தோடு.

தமிழ்வாணன் அதைச் சுரண்டிப்போட்டுவிட்டு, பெரிய ஃபேனாக ஒன்று மாட்டிக் கொடுத்தான். "கவலையே படாத. உள்ள இருக்கிற சூட்டெல்லாம் பின்பக்கமா வாரித் தள்ளிடும்."

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி. கிருபாகரன் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்தான். தேவிப்பிரியா ஸ்டாண்டுக்குப் பின்னால் எதையோ நகர்த்திவிட்டு வந்து, "அவசரப்பட்டு முடிச்சிடாதீங்க. நிறுத்தி நிதானமா வெளாடுங்க" என்றாள்.

என்ன ஒரு கரிசனம்! கிருபாகரன் வெறியோடு ஆடினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது கோலும் போட்டான். ராகேஷ் ஒன்றே ஒன்று. இன்னும் நான்கு நிமிடம். மாலை போட்ட கழுத்தோடு நிற்கிற தன்னைப் பார்த்து மாமியார் விசிலடிப்பதுபோல் அவனுக்குக் காதிலேயே கேட்டது.

உஸ்ஸ்... பொசுக்.

திரை இருண்டது. கிருபாகரன் கையில் ரிமோட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆவடியிலிருந்து செல்போன் விடாமல் அடித்தது.

கூடவே வாசல் மணியும் அடித்தது. தேவிப்பிரியா போய்க் கதவைத் திறந்தாள். கீழ்வீட்டு நிஷா, இடுப்பில் ஒரு குண்டானோடு நின்றாள்.

"அக்கா, நாளைக்கு எங்க ஊட்டுக்கு ஆளுங்க வராங்க. எங்க இட்லி மாவையும் அந்தப் பொட்டிக்குப் பின்னாடி உன் குண்டான் பக்கத்துலயே வெச்சிக்க. அண்ணன இன்னும் ஒரு மணி நேரம் வெளாடச் சொல்லு, சும்மா பொங்கிக்கினு வந்துடும்!"